மிதிக்கப்போவது யார்?

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் என் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் கூடுகிறார்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் மேசை, கட்டம் போட்ட தாள், இருபது முகம் கொண்ட பகடை, ஒரு தட்டு மிக்சர். ஆட்டத்தின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுவார்கள். ஜெயிப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. இங்கே கதையை நடத்துகிறவள் என் அண்ணன் மகள்.

பகுத்தறிவு பேசுகிறவனுக்கு மந்திரவாதிகள் கூட்டத்தில் என்ன வேலை? முறுக்கு கொடுக்கப் போனேன். உட்கார்ந்துவிட்டேன்.

என்னை உட்கார வைத்தவை அவர்களுடைய சின்னச் சின்ன மந்திரப் பொருள்கள். மலையைப் பிளக்கும் வாள், செத்தவனை எழுப்பும் மணி போன்ற பெரிய சமாச்சாரங்களில் எனக்கு ருசி இல்லை. ஆனால் காற்றே இல்லாமல் படபடக்கும் மேலங்கி ஒன்று உண்டு. அதற்கு வேறு எந்தச் சக்தியும் கிடையாது, ரஜினி படத்துக்குத்தான் ஆகும். எவ்வளவு குடித்தாலும் போதை ஏறாத கோப்பை ஒன்று உண்டு. டாஸ்மாக் வாசலில் வைத்து விற்றால் ஒருவனும் வாங்கமாட்டான். வேண்டிய மசாலாவைக் கிள்ளித் தரும் சுருக்குப்பை ஒன்று. அதற்கும் பத்து முறை என்று கணக்கு. பிறகு விடியலில்தான் மறுபடி நிரம்பும். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாவி. எந்தப் பூட்டிலும் போடலாம். திறப்பதற்கு நூற்றில் ஐந்து வாய்ப்பு. ஒருமுறை திறந்துவிட்டால் சாவி மறைந்துபோகும்.

நூற்றில் ஐந்து. விற்கிறவன் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். தொண்ணூற்றைந்து முறை தோற்கும் என்பது விதி நூலில் அச்சாகியிருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ராசிக்கல் மோதிரத்துக்கு இப்படி ஒரு சீட்டு கொடுத்தார்களா? எத்தனை முறை பலிக்கும், எப்போது தீரும், பலிக்காவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டீர்களா? காய்கறிக்கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற நாம், பல்லாயிரம் ரூபாய்க் கல்லை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம். அந்த ஆட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: அணிகிறவனோடு பிணைந்து வேலை செய்யும் மந்திரப் பொருள்களில் ஒரு சமயத்தில் மூன்றுக்கு மேல் ஒருவன் வைத்துக்கொள்ளக்கூடாது. ஐந்து விரலில் ஐந்து மோதிரம் போட்ட என் நண்பரை அந்த மேசையில் சேர்க்கமாட்டார்கள்.

கல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் மூன்றாவது நிலையம் பல்லாவரம். அங்கே 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, இது மனிதக் கை செதுக்கிய ஆயுதம் என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதைச் செதுக்கியவனுக்கு எழுத்து கிடையாது, சக்கரம் கிடையாது. ஆனால் முனை மழுங்கினால் மறுபடி தட்டிக் கூராக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. வெட்டாத கல்லுக்கு அவன் சனிப்பெயர்ச்சியைக் காரணம் காட்டியிருக்க முடியாது. காட்டினால் அன்றைக்குப் பட்டினி.

மாடிக்குத் திரும்புவோம். அண்ணன் மகள் கேட்டாள்: “சித்தப்பா, கதைல ஒரு வியாபாரி சந்தைக்கு வரான். அவன் மூட்டைல போட நீங்க ஒரு பொருள் சொல்லுங்க. பவர் கம்மியா இருக்கணும், ஆனா ஜாலியா இருக்கணும்.”

“திருஷ்டிப் பூசணிக்காய்” என்றேன், சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்து.

“என்ன பண்ணும்?”

“சுத்தி உடைச்சா நம்ம மேல இருக்கிற கண்ணேறு கழிஞ்சிடும்.”

“கழிஞ்சு எங்க போகும்?”

பேனாவோடு காத்திருந்தாள். கேலி இல்லை, குறித்துக்கொள்ளத்தான் கேட்டாள். நான் ஊரில் எல்லோரும் சொல்வதையே சொன்னேன்: “ரோட்டுலயே கிடக்கும். யார் மிதிக்கிறாங்களோ அவங்களுக்குப் போகும்.”

“அப்போ அது சாபப் பொருள் சித்தப்பா. நல்ல கேரக்டர் எவனும் அதைக் காசு குடுத்து வாங்க மாட்டான்.”

ஐம்பது வருஷமாக நான் கேட்காத கேள்வியை அவள் ஒரு விதியை நிரப்புவதற்காகக் கேட்டுவிட்டாள். கழிந்தது எங்கே போகிறது? பூசணியை ஏன் நம் வீட்டுக் கூடத்தில் உடைப்பதில்லை? ஏன் முச்சந்தி? ஏன் நடுத்தெரு? உடைத்துவிட்டு ஏன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகச் சொல்கிறார்கள்? பிள்ளைகளிடம் மட்டும் ஏன் “அதை மிதிச்சிடாதே” என்கிறோம்?

நம்பிக்கையாளரே, உங்கள் வார்த்தையையே ஏற்றுக்கொள்கிறேன். கண்ணேறு என்று ஒன்று இருக்கிறது, பூசணி அதை உறிஞ்சிக்கொள்கிறது, மிதிக்கிறவரை அது பற்றிக்கொள்கிறது. சரி. அப்படியானால் நீங்கள் செய்தது என்ன? உங்களுக்கு வந்த கேட்டை, முகம் தெரியாத ஒருவர் தலையில் கட்டுவதற்காகத் தெருவில் பொறி வைத்திருக்கிறீர்கள். அது பக்தியா? இல்லை, அதெல்லாம் வெறும் சம்பிரதாயம், அப்படி எதுவும் பரவாது என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் சாலையில் கொட்டியது வழுக்கும் குப்பை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை எடுத்தாலும் நியாயம் உங்கள் பக்கம் இல்லை.

வழுக்கும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விஜயதசமி காலை, கேம்ப் ரோடு பக்கம் வண்டியைத் திருப்பினேன். முந்தின நாள் ஆயுத பூசை. ராத்திரி தூறல் வேறு. குங்குமம் கலந்த பூசணிச் சதை தார்ச்சாலையில் எப்படிப் படியும் தெரியுமா? எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி. முன் சக்கரம் போனது. வலது மணிக்கட்டு முறிந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. யாருடைய கடையோ செழிப்பதற்காக என் எலும்பு உடைந்தது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

ஹெல்மெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அதுவும் ஒரு சின்னப் பொருள்தான். உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, விபத்தில் சிக்கும் இருசக்கர ஓட்டிகளுக்கு அது சாவின் அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காயத்தின் அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்கிறது. அந்தச் சாவியைப் போல நேர்மையான பொருள். நூறும் காப்பேன் என்று சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் நின்று பாருங்கள். எலுமிச்சையும் பச்சைமிளகாயும் வண்டியின் முன்னால் ஒழுங்காகக் கட்டியிருக்கும். ஹெல்மெட் முழங்கையில் தொங்கும். போலீஸ்காரர் தெரிந்தால் தலைக்கு ஏறும். 1000 ரூபாய் அபராதத்துக்குப் பயப்படுகிறோம், மண்டை உடைவதற்குப் பயப்படுவதில்லை. அதற்குத்தான் எலுமிச்சை இருக்கிறதே!

பூசணி உடைத்த மறுநாள் காலை தெருவைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள். விஜயதசமி விடியலில் அந்த வார்டுகளின் ஒவ்வொரு முனையிலும் சிவந்து கிடக்கிற பூசணியை அள்ளுவது தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள். உங்கள் பிள்ளை காலால் தொடக்கூடாத பொருளை, இன்னொருத்தியின் பிள்ளைக்குச் சோறு போடுகிறவள் கையால் அள்ளலாம் என்றால் என்ன அர்த்தம்? அவளுக்குக் கண்ணேறு படாது என்பதா, பட்டால் பரவாயில்லை என்பதா? இந்த ஊரில் அழுக்கை எப்போதும் யார் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறோம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பூசணிக்குள் போட்ட சில்லறைக்காக ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே குனிகிற சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“யாருக்கு என்ன நட்டம், மனசுக்கு ஒரு தெம்பு” என்பார்கள். இந்த வாதத்தை நான் கேலி செய்யமாட்டேன். தெம்பு மெய். ஜுரத்தில் கிடந்தபோது என் அம்மா கட்டிய தாயத்து எனக்கும் தெம்பு கொடுத்தது. பிறகு யோசித்தேன், தெம்பு தகட்டிலிருந்து வந்ததா, ராத்திரி முழுக்க நெற்றியில் இருந்த அவள் கையிலிருந்தா? தகட்டைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். அந்தக் கைக்கோ ஒருவர் விழித்திருக்க வேண்டும். பல வீடுகளில் தகட்டைக் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் ஒருவர் சனிக்கிழமைதோறும் எலுமிச்சை மாற்றுவார். பல வருஷம் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஒருநாள் அவர் சிரிக்காமல் சொன்னார்: “சார், எனக்கு அடிபட்டா யாரு பார்ப்பா? அஞ்சு ரூபாய்ல ஒரு தைரியம். நீங்க வேற என்ன தரீங்க சொல்லுங்க, இதைக் கழட்டிடறேன்.” பதில் என்னிடம் இருந்தது, நான்தான் சொல்லாமல் இருந்திருக்கிறேன். 2021 டிசம்பர் 18 அன்று, இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் மேல்மருவத்தூரில், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒரு லட்ச ரூபாய் வரை. அரசு மருத்துவமனை மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வி கிடையாது. இதை அவர் என்னிடம்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். எலுமிச்சையைக் கிண்டல் செய்யத் தெரிந்த எனக்கு, இந்த ஒரு சேதியை அவரிடம் சேர்க்க இத்தனை வருஷம். வெட்கமாக இருந்தது. பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்கிற நண்பர்களே, நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?

பயந்தவரிடம் என் சண்டை இல்லை. பயத்தை முதலாக்கி விற்பவரிடம்தான். இந்தியச் சட்டத்திலேயே மந்திரப் பொருளுக்கு விளக்கம் இருக்கிறது: மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954. தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, நோய் தீர்க்கும் என்று அவற்றை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நோய் தீர்க்கும் என்றால்தான் குற்றம். கல்யாணம் ஆகும், கடன் தீரும் என்றால் அந்தச் சட்டத்துக்கு வேலையில்லை. விற்கிறவர்களுக்கு இது மனப்பாடம். அதனால்தான் தொலைக்காட்சியில் சர்க்கரை நோயைவிடக் கடன் தொல்லை அதிகமாகத் தீர்கிறது.

இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்ச ரூபாய் பந்தயம் கட்டினார். ஏமாற்ற வழியில்லாத நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரே ஒரு அற்புதத்தைச் செய்துகாட்டினால் போதும். 1978-இல் அவர் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. வாய் பேச முடியாத உயிர்களோ பந்தயம் கட்டக்கூட முடியாமல் செத்தன. தேவாங்கின் கண்ணிலும் எலும்பிலும் சக்தி இருக்கிறது என்று எவனோ சொல்லிவைத்தான். தேவாங்கைக் காக்கக் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் அமைக்க 2022 வரை ஆயிற்று.

அந்த மாடியில் பூசணிக்காய் கடைசியில் வியாபாரியின் மூட்டைக்குள் போகவில்லை. வில்லனுக்குக் கொடுத்தார்கள். அவன் அதை ஊர் நடுவில் உடைத்துவிட்டு ஓடினான். ஆறு பேரும் சேர்ந்து அரைமணி நேரம் பகடை உருட்டி, யாரும் மிதிப்பதற்குள் தெருவைக் கழுவினார்கள்.

ஆயுத பூசை வரத்தான் போகிறது. உடைத்தே தீருவேன் என்றால் உங்கள் வாசலுக்குள்ளேயே உடையுங்கள். இல்லை, தெருவில்தான் என்றால், கற்பூரம் வாங்கும்போது ஒரு துடைப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். உடைத்த கையாலேயே அள்ளுங்கள்.