கட்டுச்சோற்றோடு வந்த விதை

மே மாத மழை இறங்கிவிட்டால் அந்தமானில் உள்ள புரோத்ராபூரின் வீட்டுக் கொல்லைகளில் தேங்காய் ஊன்றும் காலம் பிறந்துவிடும். நன்றாகக் காய்க்கும் மூத்த தென்னையிலிருந்து பதினோரு, பன்னிரண்டு மாதம் முற்றிய நெற்றாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். நிழல் விழும் இடத்தில், மட்டையின் மேற்பகுதி மட்டும் தெரியும்படி புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மனிதன் செய்யக்கூடியது அவ்வளவே.

பிறகு இரண்டு மூன்று மாதங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே வேலை நடக்கிறது. தேங்காயின் மூன்று கண்களில் இரண்டு இறுகியவை, ஒன்று மென்மையானது. அதன் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு கரு, வெளியே ஒரு முளையை அனுப்பும்போதே, உள்ளே பஞ்சு போன்ற பூவையும் வளர்க்கிறது. அந்தப் பூ கொஞ்சம் கொஞ்சமாக ஓடு முழுவதும் நிறைந்து, நீரையும் பருப்பையும் உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டுகிறது. வேர் மண்ணைப் பற்றிய பிறகும் பல மாதங்களுக்கு இந்த ஊட்டம் தொடர்கிறது. நெடும்பயணம் போகும் பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு போல, இறைவன் அந்த விதைக்கு வேண்டியதை முன்கூட்டியே கட்டி அனுப்பியிருக்கிறான்.

கோயிலில் உடைத்த தேங்காயில் பூ இருந்தால் நல்ல சகுனம் என்று நம் மக்கள் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் ஓர் உண்மை இருக்கிறது. அது ஓர் உயிர் புறப்படத் தொடங்கியதன் அடையாளம். சந்நிதியில் உடைவதும் சமர்ப்பணம். மண்ணுக்குள் கரைந்து மரமாவதும் சமர்ப்பணம்தான்.

புரோத்ராபூருக்குப் பக்கத்தில், சிப்பிகாட்டில் உள்ள தென்னை மரபுவள மையத்தில், பசிபிக் தீவுகளிலிருந்து வந்த விதைகள் மரங்களாகி நிற்கின்றன. தமிழகத்திலிருந்து கடல் தாண்டி இங்கே வந்த குடும்பங்களும் அப்படித்தான் வேரூன்றின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தப் பகுதியின் தாழ்நிலங்களில் கடல் புகுந்தது. நிலமே தாழ்ந்து, விளைநிலங்களில் உப்புநீர் தங்கியது. அதற்குப் பிறகும் மேட்டு நிலத்தில் மக்கள் தென்னம்பிள்ளை நட்டார்கள். நாளை என்ன ஆகும் என்று தெரியாமலே நடுவதற்குப் பெயர்தான் பக்தி.

ஓலை பிளக்கத் தொடங்கும் சமயத்தில், கன்றுக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும்போது, உள்ளிருந்த சோறும் தீர்ந்துவருகிறது. அதற்குள் வேர் வலுத்து, தனக்கானதைத் தானே தேடிக்கொள்கிறது. நெட்டை மரம் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, நட்டவரை அறியாதவர்களுக்கும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கவலை மனத்தை அழுத்தும்போது ஒரு விதைத்தேங்காயைக் கையில் ஏந்திப் பாருங்கள். தன் பயணத்துக்கு வேண்டியதை அது தேடிச் சேர்க்கவில்லை, அதற்குக் கொடுக்கப்பட்டது. நமக்கும் அப்படியே கொடுக்கப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு இரண்டு தேங்காய் வாங்கும் நாளில் முற்றிய நெற்று ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். அதை உங்கள் கொல்லையில் ஊன்றுங்கள். இடமில்லாதவர்கள், இடமுள்ள ஒருவரிடம் கொடுத்து ஊன்றச் சொல்லுங்கள்.