பாதியில் நின்ற பின்னல்

மார்கழி, தை மாதங்களில் ஹாலிஎல பகுதியில் அதிகாலைப் பூசைக்கு வரும் அடியார்கள் பலர் சுவெட்டர் அணிந்தே வருவர். சில கடையில் வாங்கியவை. சில தாயோ பாட்டியோ பின்னிக் கொடுத்தவை. பின்னியவர் முடிக்கு முன்னரே காலமாகிவிட்டால், அந்தப் பாதிச் சுவெட்டர் ஊசி கோத்தபடியே தகரப்பெட்டியில் தங்கிவிடும். கருமாதி முடிந்து பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு அதனை எறிய மனம் வராது. எடுத்துப் பின்னவும் தெரியாது. அதனை வேறொருவர் முடிக்கலாமா? முடித்தால் அது யார் செய்தது? சிறிய கேள்வி போலத் தோன்றினும், கடமையையும் அகங்காரத்தையும் ஒருங்கே தொடும் கேள்வி இது.

அமெரிக்காவில் மேசி கப்லன், ஜென் சிமோனிக் என்னும் இரு தோழியர் 2022ஆம் ஆண்டில் இதற்கெனவே ‘லூஸ் எண்ட்ஸ்’ என்னும் தொண்டு அமைப்பை ஆரம்பித்தனர். அவர்களுடைய சிநேகிதி ஒருவரின் தாயார் இறந்தபோது, முடிவுறாத போர்வைகளை விட்டுச் சென்றிருந்தார். அதுவே தொடக்கம். இறந்தவர்களும், நோயினால் கை இயங்காதவர்களும் பாதியில் விட்ட கைவேலைகளை இன்று பல நாடுகளிலுமுள்ள பல்லாயிரம் தொண்டர்கள் கூலி பெறாது முடித்துக் கொடுக்கின்றனர். முன்பின் அறியாத ஒருவரின் தாய்க்காக மாதக்கணக்கில் பின்னுவது எளிய காரியமன்று. பெயர் பொறித்து உபயம் செய்வோர் மலிந்த காலத்தில், பெயரின்றிச் செய்யப்படும் இது போற்றத்தக்கதே.

இவ்வேலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பின்னத் தெரிந்த பெண்மணிகள் நன்கறிவர். ஒரே நூல், ஒரே ஊசியாயினும் இருவர் கை ஒன்றாகாது. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். மற்றவர் தளர விடுவார். புதிய கை தொடங்கிய வரியில் அகலம் மாறி, கோடு கிழித்தாற்போல் தெரிந்துவிடும். ஆகவே முடிக்க வருபவர் முதலில் ஒரு சிறு துண்டைத் தனியே பின்னிப் பார்த்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறதென எண்ண வேண்டும். தம் கை இறுக்கமானால் சற்றுத் தடித்த ஊசியை எடுக்க வேண்டும். தம் கைப்பழக்கத்தை அடக்கி, கண்ணாற் காணாத ஒருவரின் கைக்கு இணங்குவது ஒருவகை விரதமே.

அதனிலும் கடினமானது பிழையைக் கண்ட இடம். பத்தாம் வரியில் பூவேலை ஒரு கண்ணி பிசகியிருக்கும். அதைத் திருத்த நூலை இழுத்தால் மேலுள்ள வரிகள் யாவும் சரசரவெனக் கழன்றுவிடும். ஒரு முதியவள் கண் மங்கிய நிலையில் பல இரவுகள் பின்னியது சில நிமிடத்தில் வெறும் நூலாகும். திருத்தியவருக்குத் திருப்தி, ஆனால் தாயின் கைவேலையில் என்ன மிஞ்சியது? நழுவி மேலும் கழன்று ஓடக்கூடிய கண்ணியைப் பிடித்துக் கட்டுவது அவசியம். பார்வைக்கு மட்டும் பிசகிய பூவை விட்டுவிடுவதே முறை. ஐயமிருப்பின் உரிமையுள்ள குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். கேளாமல் திருத்துவது திறமையின் செருக்கு.

சைவ உலகம் இத்தகைய அடக்கத்தை முன்னரே கண்டிருக்கிறது. காஞ்சிப் புராணத்தின் முதற் காண்டத்தைப் பாடியவர் சிவஞான முனிவர். இரண்டாம் காண்டத்தைப் பாடியவர் அவருடைய மாணாக்கர் கச்சியப்ப முனிவர். தணிகைப் புராணம் போன்ற பெருநூலைத் தாமே இயற்ற வல்லவர், குருநாதர் தொடங்கிய நூலின் மறுபாதிக்கும் தோள் கொடுத்தார். திருவரங்கத்தில் சுமார் 400 ஆண்டுகள் மொட்டையாக நின்ற இராயர் கோபுரம், அகோபில மடத்து 44ஆவது ஜீயரின் முயற்சியால் 1987இல் 13 நிலை, 236 அடி இராஜகோபுரமாக நிறைவுற்றது. அடித்தளம் இட்டவர்கள் யாரும் கலசத்தைக் காணவில்லை.

இனி, எல்லாவற்றையும் முடித்தே ஆகவேண்டுமா? வேண்டியதில்லை. எவருக்கென்று அறியாத வேலையை, தாயின் கை நின்ற இடத்திலேயே ஊசியோடு வைத்துப் போற்றுவதில் குறையில்லை. ஆனால் பேரனுக்கென அளவெடுத்துத் தொடங்கிய சுவெட்டரின் நிலை வேறு. ஒரு கை மட்டும் உள்ள சுவெட்டர் குளிருக்கு உதவாது; பிள்ளையோ ஆண்டுக்காண்டு வளர்கிறான். இங்கே காலந்தாழ்த்துவது மரியாதையாகாது.

அப்படி முடிக்கக் கொடுப்போர் ஊசியை உருவிவிடலாகாது. கண்ணிகள் எத்தனை என எண்ணி ஒரு தாளிற் குறித்து, நூற்கண்டில் சுற்றியிருந்த லேபலையும் உடன் வைக்க வேண்டும். ஒரே நிறமாயினும் சாயமிட்ட தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று வேறுபடும். லேபலிலுள்ள இலக்கத்தைக் கொண்டே இணையான நூலைத் தேட முடியும்.