சேதனையும் கவனமும்

கண்ணிழந்த சக்குபாலர் என்ற பௌத்தத் துறவி, இரவு மழை பெய்த தரையில் விடியற்காலையில் உலவினார். அவர் காலடியில் பூச்சிகள் பல மடிந்தன. தம்மபதத்தின் முதல் பாட்டுக்கு உரைகாரர் சொல்லும் கதை இது. கொல்லும் எண்ணம், அதாவது சேதனை, அவருக்கு இல்லை, ஆகவே பாவமும் இல்லை என்று புத்தர் தீர்ப்பளிக்கிறார். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சூத்திரத்திலும் இதே வாதம்தான். உடலின் வினையே கொடியது என்று சமணர் தரப்பில் பேச வந்த உபாலி, நினையாமல் நேர்ந்த கொலை பெரும்பாவம் ஆகாது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். (எழுதிவைத்தவர்கள் பௌத்தர்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) ஆனால் சக்குபாலர் கதையிலேயே ஒரு விவரம் உறுத்துகிறது. அவர் உலவும் பாதையை அன்று காலையில் சீடர்கள் பெருக்கவில்லை. அவர்களுக்கும் கொல்லும் எண்ணம் கிடையாது. அதனாலேயே கதை அவர்களை ஒன்றும் கேட்பதில்லை.

சமணம் கேட்டிருக்கும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குச் சொல்லும் இலக்கணம், அசட்டையால் உயிரைப் போக்குவது என்பது. தமிழ்ச் சமணர் பொன்னூர் மலையோடு சேர்த்துப் போற்றும் குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: விழிப்போடு நடந்தவனுக்கு, உயிர் இறந்தாலும் வினை ஒட்டாது, அசட்டையாக நடந்தவனுக்கு, உயிர் பிழைத்தாலும் இம்சை உண்டு. சமணர் உடலை மட்டும் பார்த்தவர்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. எண்ணம் ஒரு கணத்தில் தோன்றுவது. அதை மட்டும் விசாரித்தால், பாராமல் இருக்கத் தீர்மானித்தவன் எளிதில் தப்பிவிடுவான்.

அசட்டையும் பாவமென்றால் மூச்சுவிடுகிறவன்கூட மிஞ்சமாட்டானே என்று கேட்கலாம். சமண விதி அவ்வளவு கேட்கவில்லை. துறவி தன் முன்னே ஏறத்தாழ நான்கு முழ நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டும். அதற்கு அப்பால் உள்ளது அவன் பொறுப்பில்லை. வெறுத்துக் கொன்றவனையும் பாராமல் மிதித்தவனையும் ஒரே தட்டில் வைப்பதா என்பது வலுவான தடை. வைக்க வேண்டியதில்லை, சினம் பெரிய குற்றம்தான். சிறியது என்பதால் மற்றது குற்றமே இல்லாமல் போய்விடாது. பௌத்த சங்கமும் நடைமுறையில் இதை அறிந்தே இருந்தது. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராய்த் திரிந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைகூறியபோது, எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை என்று சங்கம் பதில் சொல்லவில்லை; மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும்படி விதி வந்தது.