கருங்கோடு

முதுமலையில் தை பிறந்துவிட்டால் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிடும். வனப் பணியாளர்களின் அவசர வேலை அப்போதே தொடங்கிவிடுகிறது, தீ எங்கும் தென்படாதபோதே. பாதையோரப் புல்லையும் உண்ணிச்செடியையும் வெட்டி, உலரவிட்டு, காற்று அடங்கிய வேளையில் தாங்களே எரித்துக் கருங்கோடு இழுக்கிறார்கள். பரவி வரும் காட்டுத்தீ அங்கே தின்ன ஏதுமின்றி அவிந்துபோகும்.

மீறித் தாண்டினால்? தண்ணீர் வண்டி ஏறாத சரிவில் பச்சைத் தழைக்கொத்துதான் ஆயுதம். புகை கண்ணைக் கரிக்கக் கரிக்க அடித்தே அணைக்க வேண்டும். காய்ந்த புல்லில் பற்றிய தீ மனிதர் ஓட்டத்தை முந்திவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தபோது அதைக் கண்ணீரோடு பார்த்தோம்.

முதுமலையில் தழையோடு முன்னால் நிற்பவர்களில் பலர் அந்தக் காட்டிலேயே பிறந்த பழங்குடி மக்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. மலைப்பாதையில் போகும்போது ஓரத்தில் கருகிய பட்டை தென்பட்டால் வண்டியைச் சற்று மெதுவாக ஓட்டுங்கள். அவர்கள் பக்கத்தில்தான் எங்கோ இருப்பார்கள்.