ஈ, தா, கொடு

பயணியர் நிழற்குடை கட்டுவது பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்களுக்கு. அதன் நெற்றியில் எழுதுவதோ பஸ்ஸில் போகிறவர்கள் படிக்க. ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வழியாகத் தம்மம்பட்டிக்கு வரும் சாலையில் மட்டும் இப்படியில்லை, தமிழ்நாட்டின் எந்தச் சாலையிலும் இதுதான் வழக்கம். மேலே கொட்டை எழுத்தில் சட்டமன்ற உறுப்பினரின் பெயர், பெயருக்குப் பின்னால் படிப்பு, அதற்கும் கீழே பதவி. எந்த நிதி, எந்த ஆண்டு, எத்தனை லட்சம் என்ற விவரமெல்லாம் உள்ளே நிற்பவர் அண்ணாந்து தேடினால் கிடைக்கும் பொடி எழுத்தில் இருக்கும். சில இடங்களில் அதன்மேல் சுண்ணாம்பும் அடித்திருப்பார்கள்.

திறப்பு விழா நடந்த மறுநாள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வரும். பூமி பூஜை நடந்தது, அடிக்கல் நாட்டினார், ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார், பயனாளிகளுக்கு நலத்திட்ட உதவிகளை வழங்கினார். அதன்பின் ஒன்றியச் செயலாளர் தொடங்கி வார்டு உறுப்பினர் வரை பத்துப் பெயர்கள், 'உடனிருந்தனர்' என்ற முத்தாய்ப்போடு. செய்தியில் பிழை எதுவும் இல்லை. இடம் சரி, நாள் சரி, பெயர்களும் சரிதான். இடறுவது அந்த 'வழங்கினார்' ஒன்றுதான்.

கேட்பதற்குத் தமிழில் மூன்று சொல் உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. கொடுப்பவனைவிடத் தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். ஒரு பொருள் கைமாறும்போது அதோடு சேர்ந்து ஒரு படிநிலையும் கைமாறுகிறது என்பதை அந்த இலக்கணம் வகுத்தவன் கவனித்திருக்கிறான். அப்படியானால், தெருவிளக்கும் தண்ணீர்த் தொட்டியும் கேட்டு எம்.எல்.ஏ. முன்னால் நிற்கும் வாக்காளர் இந்த மூன்றில் எதைச் சொல்ல வேண்டும்? கிடைத்தபின் நன்றி சொல்லும் கடன் அவருக்கு உண்டா? செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்த ஊரில் இது லேசான கேள்வி அல்ல.

முதலில் பணம் யாருடையது என்று பார்த்துவிடலாம். தொகுதி மேம்பாட்டு நிதி என்பது அண்மை ஆண்டுகளில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், பேரூராட்சியோ ஒன்றியமோ டெண்டர் விட்டு வேலையைச் செய்யும். பணம் கருவூலத்துடையது. கருவூலத்துப் பணம், தீப்பெட்டியிலிருந்து டிராக்டர் வரை வாங்குகிற ஒவ்வொருவரும் கட்டிய வரி. எம்.எல்.ஏ. செய்தது தேர்வு. பத்து ஊர் கேட்கும்போது எந்த ஊருக்கு முதலில் என்று முடிவு செய்கிறார். நியாயமாகச் செய்தால் அது சின்ன வேலை இல்லை. பாராட்டுவதானால் அந்தத் தேர்வைப் பாராட்டலாம். கல்வெட்டோ தேர்வைச் சொல்லாமல் ஈகையைச் சொல்கிறது.

வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007 ஜனவரியில் ஆட்சியில் அறநெறி பற்றிய தன் அறிக்கையில், எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் ஆகியோரின் தொகுதி நிதித் திட்டங்களையே கைவிடச் சொன்னது. செலவைக் கேள்வி கேட்க வேண்டியவரே செலவு செய்பவராகிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது என்பதுதான் சங்கடம். மூன்றாண்டு கழித்து, 2010-இல், எம்.பி.க்களின் நிதித் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லும் என்பதோடு வழக்கு முடிந்தது. தேர்தலில் எதிர்த்து நிற்கப்போகிறவருக்கு இல்லாத விளம்பரப் பலகை ஐந்தாண்டில் 15 கோடி ரூபாய் மதிப்புக்கு ஒருவருக்கு மட்டும் வாய்ப்பது முறையா என்பது வேறு வழக்கு. அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது.

மறுபக்கமும் கனமானது. 2021 தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 தொகுதிகளை அ.தி.மு.க. அணி வென்றது. கெங்கவல்லி அந்தப் பத்தில் ஒன்று. மாநிலத்தில் ஆட்சிக்கு வந்தது தி.மு.க. ஆளுங்கட்சிக்கு வாக்களிக்காத ஊருக்கு ரோடு எப்படி வரும் என்று டீக்கடையில் கேட்பது வெறும் வம்பு இல்லை, பல ஆட்சிகளைப் பார்த்த அனுபவம். எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் ஒரே தொகை என்கிற இந்த நிதி ஒன்றுதான் எதிர்க்கட்சித் தொகுதிக்கு நிச்சயமான வரவு. அதை எடுத்துவிட்டால், தம்மம்பட்டி மாதிரி மாவட்டத்தின் ஓரத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே கிடக்கும் ஊர்கள் அமைச்சரின் தயவையே நம்பியிருக்க வேண்டும். ஆகவே நிதியை ஒழி என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுவது எளிது. நிதி இருக்கட்டும். பெயர்தான் தொந்தரவு.

பெயர் பொறிப்பதே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. கல்லில் எழுதிவைப்பது இந்த மண்ணின் பழைய பழக்கம். ஆனால் அந்தக் கல்வெட்டுகள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் 90 ஆடு அல்லது 96 ஆடு, அதை மேய்ப்பவர் யார், நாளுக்கு எவ்வளவு நெய் அளக்க வேண்டும், எந்த அளவையால், யார் காவல் என்பது வரை கல்லில் இருக்கும். கொடுத்தவர் பெயரும் இருக்கும், கணக்கோடு கணக்காக. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு இன்னும் கறாரானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்குப் பெயர் கொடுக்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. அந்தச் சுவர் பொறுப்பைப் பேசிய சுவர். இன்றைய நிழற்குடையில் ஒப்பந்தக்காரர் பெயர், எத்தனை ஆண்டுக்கு அவர் பழுது பார்க்க வேண்டும், கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்று நாலு வரி கொட்டை எழுத்தில் இருந்தால், அதோடு எம்.எல்.ஏ. பெயரும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

தம்மம்பட்டிக்கு இந்தப் பெயர் விவகாரம் வேறு விதத்திலும் தெரியும். வாகை மரத்தில் சாமி செதுக்கும் ஊர் அது. விநாயகரும் தசாவதாரமும் உளியிலிருந்து வெளிவரும்போது செதுக்கியவர் பெயர் அதில் இருக்காது. இதைப் பணிவு என்று புகழ்ந்துவிட்டுப் போவது நமக்குச் சுகம். ஆனால் பெயரில்லாத சிற்பம் பெருநகரக் கடையில் கடைக்காரர் பெயரில் விற்கிறது, உளி பிடித்தவருக்குக் கூலிதான் மிஞ்சுகிறது. தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்க வேண்டியிருந்ததே, வேலை செய்தவர்களுக்குப் பெயர் சேர வேண்டும் என்பதற்காகத்தான். உழைத்தவர் பெயர் கேட்பது நியாயம். அடுத்தவர் காசில் நடந்த வேலைக்குப் பெயர் கேட்பதில்தான் உறுத்தல் இருக்கிறது.

இதுவரை பார்த்தது கல்லும் சிமெண்டும். மனு என்று வரும்போது தராசு ஆடத் தொடங்குகிறது. செந்தாரப்பட்டிப் பக்கம் ஒரு பெண்மணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டப் போகிறார். ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயானது. வி.ஏ.ஓ.விடம் போனால் ஆர்.ஐ. கையெழுத்து வேண்டும் என்கிறார், ஆர்.ஐ.யிடம் போனால் தாலுகா ஆபீசில் கேளுங்கள் என்கிறார், அங்கே போனால் தனி தாசில்தார் மீட்டிங் போயிருக்கிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஒவ்வொரு நடைக்கும் போகிற ஒருநாள் கூலிக்குத்தான் சலுகை இல்லை. கடைசியில் யாரோ ஒருவர் எம்.எல்.ஏ. ஆபீசுக்குக் கூட்டிப் போகிறார். லெட்டர் பேடில் இரண்டு வரி: மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு. அதோடு ஒரு போனும் போட்டார் என்றால் அந்த மாதமே ஆணை வந்துவிடும்.

இதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? அந்தம்மாவுக்கு வீட்டில் அரிசி வேண்டும். முறை, நெறி என்று பேசி அந்தக் கடிதத்தை எழுதாமல் விடுகிற எம்.எல்.ஏ. உத்தமர் இல்லை, கல்நெஞ்சர். அந்தம்மா நன்றி சொல்லி, பேரனுக்கு அவர் பெயரை வைத்தாலும் அதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் அதே மேசையில், அதே கட்டில், ஆபீசுக்குக் கூட்டிப் போக ஆள் கிடைக்காத இன்னொரு பெண்ணின் மனு இருக்கிறது. கடிதம் வந்ததும் மேலே இருந்த அது ஒரு படி கீழே போனது. அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வரப்போவதில்லை, கீழே போனது அவருக்கே தெரியப்போவதுமில்லை. ஒருவருக்குச் செய்த நல்லது இன்னொருவரின் முறையை விழுங்கியிருக்கிறது என்றால், செய்தவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவர் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ஒரே மாதிரி பத்துக் கடிதம் எழுதியபின் பதினோராவது கடிதத்தைப் பேரவைக்கு எழுத வேண்டும்: கெங்கவல்லி வட்டத்தில் எத்தனை உதவித்தொகை மனுக்கள் எத்தனை நாளாகக் கிடப்பில் உள்ளன, ஏன்? கேள்வி நேரம் இருப்பதும், மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் கொடுக்க வழி இருப்பதும் இதற்குத்தான். பத்துக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டால் தேங்கிக் கிடக்கும் கோப்புதான் அவருக்கு முதல். கோப்பு தானாக நகரத் தொடங்கினால் வாசலில் கூட்டம் இருக்காது.

எம்.எல்.ஏ. செய்கிற வேலையில் ஊருக்கு அதிகம் பயன்படுவது ஊர்க் கண்ணுக்குத் தெரியாது. தம்மம்பட்டி ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜல்லிக்கட்டு என்றால் அதிகாரிகள் உறுதிமொழி வாசிப்பதும், பிரமுகர்கள் கொடியசைப்பதும், முதல் காளை சீறி வருவதும் எல்லாப் பத்திரிகையிலும் படத்தோடு வரும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு வாடிவாசல் மூடியது. அது திறந்தது கொடி அசைத்ததால் அல்ல. 2017 ஜனவரி 23-ஆம் தேதி சென்னையில் சட்டமன்றம் கூடி, மிருகவதைத் தடைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் ஒன்றை நிறைவேற்றியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. மெரினாவிலும் ஊர் ஊராகவும் உட்கார்ந்த இளைஞர்கள் யாரும் அன்று 'ஈ' என்று கேட்கவில்லை. 'கொடு' என்றார்கள், ஒரே நாளில் மசோதா நிறைவேறியது. அந்தக் கைதூக்கலுக்கு எந்த வாடிவாசலிலும் கல்வெட்டு வைத்ததாகத் தெரியவில்லை.

அதே வேகத்தை இன்னொரு சட்டத்துக்குக் காட்டலாம். சாதிச் சான்றோ உதவித்தொகை ஆணையோ இத்தனை நாளுக்குள் தர வேண்டும், தவறினால் பொறுப்பான அலுவலருக்கு அபராதம் என்கிற சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்தது. அடுத்தடுத்து பீகாரும் கர்நாடகமும் கேரளமும் கொண்டுவந்தன. தமிழ்நாட்டிலும் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சட்டம் சரியாக நடந்தால் பரிந்துரைக் கடிதத்துக்கு வேலை இல்லை. தன் வாசலைக் காலியாக்கும் மசோதாவுக்கு எம்.எல்.ஏ.வே ஆதரவாகக் கை தூக்க வேண்டும். லஞ்சம் வாங்காத, காலையில் ஆறு மணிக்கே எழுந்து மனு வாங்குகிற நல்ல எம்.எல்.ஏ.வுக்குத்தான் இது உண்மையான சோதனை. நல்லவர் என்ற பெயரே அந்த வாசல் கூட்டத்தால் கிடைத்தது அல்லவா?

முழுப் பழியையும் அவர் தலையில் போடுவதும் சரியில்லை. காதுகுத்துக்கு வரவில்லை, துக்கத்துக்கு வந்து மாலை போடவில்லை என்று ஐந்தாண்டு மனதில் வைத்திருப்பவர்கள், பேரவையில் நம் எம்.எல்.ஏ. என்ன பேசினார் என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள். மாவட்டப் பக்கத்திலும் அதற்கு இடம் இருக்காது. உள்ளூர் நிருபருக்குத் தெரியும், ரிப்பன் வெட்டும் படத்தில் இருபது முகம் இருந்தால் இருபது வீட்டில் பேப்பர் வாங்குவார்கள். வெட்டுத் தீர்மானத்துக்குப் படம் கிடையாது.

தேர்தல் அறிவித்ததும் வாளியில் பசையும் கக்கத்தில் காகிதச் சுருளுமாகப் பேரூராட்சி ஆட்கள் வருவார்கள். நன்னடத்தை விதிப்படி நிழற்குடையின் நெற்றியை மூடுவார்கள். அந்தச் சில வாரமும் நிழல் விழத்தான் செய்கிறது, பஸ்ஸும் நிற்கத்தான் செய்கிறது. முடிவு வந்தபின் மழையில் ஊறிய காகிதம் பாதி கிழிந்து தொங்க, ஓர் இனிஷியலும் அரைப் பெயரும் எட்டிப் பார்க்கும்.

தாலுகா ஆபீசுகளின் எதிரே மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. பெயர், ஊர், கணவர் இறந்த தேதி, இவ்வளவுதான் கேட்பார்கள். கடைசி வரியைக் கேட்பதே இல்லை. அது கையிலேயே இருக்கிறது: உதவித்தொகை வழங்கி உதவுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 'எனக்கு வர வேண்டியதைக் கொடுங்கள்' என்று ஒருவர் எழுதித் தந்தால், செந்தாரப்பட்டிக்காரர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே சொல்வார்: "வேண்டாஞ் சாமி, எப்பவும் எழுதுற மாதிரியே எழுதிக் குடுத்துருங்க."