வறியோர்க்கு அரசு செய்யுஞ் செலவு

வறியோரைத் தாங்குதல் அரசின் கடனென்பதில் அறிஞர்க்குள் பிணக்கில்லை. அச்செலவு பயன்படுகின்றதா, வீணாகின்றதா என்பதிலேயே பிணக்கு. இதனை ஆராய்வார் பலர் செலவிட்ட தொகையைக்கொண்டே பயனை அளப்பர். அது பிழை. கமக்காரன் துலாவில் எத்தனை பட்டை நீர் இறைத்தான் என்பதன்று வினா. கடைப்பாத்திக்கு நீர் சென்றதா என்பதே வினா.

இதற்கு இலங்கையின் சரித்திரமே சான்று. 1942இல் யுத்தகாலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு, பின்னர் மானியவிலையிற் பல்லாண்டு நிலைத்தது. வேண்டாதார்க்குஞ் சென்றமையால் அது திறைசேரிக்குப் பெருஞ்சுமையாயிற்று. 1953இல் கொத்தொன்றின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஹர்த்தால் நிகழ்ந்து, பிரதமரும் பதவி துறந்தார். 1979இல் வருமானங் குறைந்தோர்க்கு மட்டும் உணவு முத்திரை வழங்கப்பட்டது. செலவு சுருங்கிற்று. ஆனால் முத்திரையின் தொகை அசையாது நிற்க, பண்டங்களின் விலை ஏறிற்று. ஏழையின் கையில் முத்திரை இருந்தது. பானையில் அரிசி குறைந்தது. 1995இல் வந்த சமுர்த்தியில் உரியோர் பலர் விடுபட்டனர். உரியரல்லார் பலர் சேர்ந்தனர். அதனைத் திருத்த 2023இல் வந்த அஸ்வெசும திட்டத்துக்கும் தொடக்கத்திலேயே முறையீடுகள் இலட்சக்கணக்கில் எழுந்தன.

பட்டியலிடுவோர்க்கு நேரும் பிழை இருவகைத்து: உரியவனை விடுதல் ஒன்று, உரியனல்லானைச் சேர்த்தல் மற்றொன்று. இரண்டும் ஒக்குமென்பர் சிலர். அற்றன்று. பின்னதனால் வரும் நட்டம் பலர்மேற் பரந்து செல்லும். முன்னதனால் வரும் நட்டமோ ஒரு குடும்பத்தின்மேலேயே வீழும். பசியோடிருந்த பிள்ளை இழந்த பாடம் மீளாது. ஆயினும் பின்னதைச் சிறிதென்று விடலாகாது. பண்டங்களின் மேலுள்ள வரியை ஏழையுங் கொடுக்கின்றான். ஆதலின் வீண்செலவு அவன் பொருளையுங் கவர்வதாம். ஆகவே ஆராய்தல் வேண்டும். ஐயம் எழுந்தவிடத்துக் கொடுத்துவிட்டு ஆராய்தல் வேண்டும்.

ஈதல் சோம்பலை வளர்க்குமென்பாரும் உளர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. வறுமைக்கு அத்தாட்சி எவரிடமுங் கேட்கப்படவில்லை. அதனாற் பிள்ளைகள் சோம்பினரோ? கட்டணங் கொடுக்கமாட்டாதார் மக்கள் வைத்தியராயும் ஆசிரியராயும் ஆயினர். உதவியன்று, உதவியின்மையே பலரை மடியச்செய்வது.

ஆசிரியர்காள்! பட்டியல் எழுதுவோர் வீட்டின் கூரையையுஞ் சுவரையுங் காண்பர். எந்தப் பிள்ளை உண்ணாது வருகின்றது, எது மாதக்கடைசியில் வராது நின்றுவிடுகின்றது என்பதை நுமது வரவு இடாப்பே காட்டும். விண்ணப்பம் நிரப்பத் தெரியாமையாலே விடுபட்ட பெற்றோர் நுமது ஊரிலும் இருத்தல் கூடும். அவர்க்கு முறையீட்டை எழுதிக்கொடுத்தல், கிராம அலுவலரிடம் உண்மையை எடுத்துரைத்தல், இவற்றையெல்லாம் பிற பிள்ளைகள் அறியாவண்ணஞ் செய்தல் என்னும் மூன்றும் நம்மால் ஆவன. அரசு இறைக்கும் நீர் கடைப்பாத்தியை அடைய, வாய்க்காலின் முடிவில் மண்வெட்டியோடு நிற்பார் ஒருவர் வேண்டும். அவ்விடத்தில் நிற்றற்குரியார் நாமே.