வாங்கியவர் மட்டுமா குற்றவாளி?

போலீஸ் இலாகாவில் ஓர் ஊழல் அம்பலமாகும்போது ஊரார் யாவரும் ஒரே குரலில், "இப்படியும் நடக்குமா!" என்று வியக்கின்றனர். பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. காப்பிக் கடைகளில் வேறு பேச்சே இல்லை. வணிகர்களாகிய நாமும் அந்த வியப்பில் கலந்து கொள்கிறோம். நம்முடைய வியப்பு உண்மையானதுதானா என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

1951-ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரையில் 1,800 ராத்தல் அபின் கொள்ளை போயிற்று. அதன் மதிப்பு ஏறத்தாழ 4 லட்சம் வெள்ளி. கொள்ளைக் கூட்டத்தில் மூன்று துப்பறியும் போலீசாரும் இருந்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. அக்காலத்தில் லஞ்சக் குற்றங்களை விசாரித்து வந்தது, போலீஸ் இலாகாவுக்குள்ளேயே இருந்த ஒரு சிறு கிளை. பயிரை மேய்ந்த வேலியைப் பற்றி வேலியிடமே விசாரிக்கச் சொல்லும் ஏற்பாடு! அது உதவாது என்பது இந்த வழக்கிலே வெட்டவெளிச்சமாயிற்று. 1952-இல் போலீசுக்கு வெளியே, லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு என்ற தனி நிலையம் அமைக்கப்பட்டது.

ஆனால் அந்த ஓர் இரவிலா போலீசார் கெட்டுப் போனார்கள்? லஞ்சத்தைத் தடுக்கும் சட்டம் 1937-லேயே இருந்தது. ஊருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்தது. மலாய் மொழியில் 'டூயிட் கோப்பி' என்பதை நாம் காப்பிக் காசு என்று தமிழாக்கி வைத்திருக்கிறோமே, ஒரு பழக்கத்துக்கு இரண்டு மொழிகளில் செல்லப் பெயர் இருக்குமானால் அது நேற்று முளைத்ததாக இருக்க முடியுமா?

நமக்குத் தெரிந்த ஜவுளி வணிகர் ஒருவர் இருந்தார். இப்போது அவர் இல்லை. ஒரு நாள் தம் பழைய பேரேடுகளைப் புரட்டிக் காட்டினார். மாதந்தோறும் முதல் வாரத்தில் 'சில்லறைச் செலவு' என்று ஒரே தொகை எழுதப்பட்டிருந்தது. "சில்லறைச் செலவு மாதா மாதம் ஒரு காசு கூடாமல் குறையாமல் வருமா?" என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "லஞ்சம் என்று எழுதக் கை வரவில்லை" என்றார். அவர் ஆண்டுதோறும் ஜகாத்தை வெகு நுணுக்கமாகக் கணக்கிட்டதும் அதே பேரேட்டை வைத்துத்தான். அவர் நல்லவர் என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை. அதனால்தான் இதைச் சொல்ல நேர்ந்தது.

கொடுக்காவிட்டால் கடை நடத்த விடமாட்டார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்தே சபித்தார்கள் என்பதை அறிவோம். அநீதியைத் தவிர்க்கவோ, தமக்குரிய உரிமையைப் பெறவோ வேறு வழியின்றிக் கொடுப்பவரின் நிலை வேறு என்று மார்க்க அறிஞர் பலர் பிரித்துச் சொல்லியிருப்பதையும் அறிவோம். ஆனால் அச்சத்தால் முதல் மாதம் கொடுத்தது, ஐந்தாம் மாதத்தில் சௌகரியத்துக்காக ஆகிவிடுகிறது. பத்தாம் மாதத்தில் பக்கத்துக் கடைக்காரர் மீது அந்தப் போலீஸ்காரரை ஏவிவிடலாமா என்ற எண்ணமும் தலைகாட்டுகிறது. அச்சம் எந்த மாதத்தில் விடைபெற்றது என்பதைக் கொடுத்தவரே அறிவார்.

தனி நிலையம் அமைந்த மாத்திரத்தில் எல்லாம் சரியாகிவிடவுமில்லை. அதன் ஆரம்ப கால அதிகாரிகள் போலீசிலிருந்து சிறிது காலத்துக்கு அனுப்பப்பட்டவர்களே. நாளை திரும்பிப் போய் யாருடன் வேலை செய்ய வேண்டுமோ, அவரை இன்று முழு மனத்துடன் விசாரிக்க முடியுமா? 1960-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் வந்த பிறகே அந்நிலையத்தின் கை நீண்டது. வங்கிக் கணக்குகளை ஆராயும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. அச்சட்டத்தின்படி, வாங்கியவரோடு கொடுத்தவரும் குற்றவாளியே.

ஹாங்காங்கின் கதை இதைவிடக் கசப்பானது. 1973 ஜூனில், பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, 40 லட்சம் ஹாங்காங் வெள்ளிக்கும் மேற்பட்ட தம் செல்வத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய வேளையில், விமான நிலையத்துக்கான போலீஸ் அனுமதிச் சீட்டைக் காட்டிக் காவலைக் கடந்து, நம் சிங்கப்பூர் வழியாகவே லண்டனுக்குப் பறந்துவிட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். 1974 பிப்ரவரியில் சுதந்திரமான ஊழல் ஒழிப்பு ஆணையம் பிறந்தது. 1975-இல் காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டு நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஆயினும் 1977 அக்டோபரில் போலீசார் பலர் கூட்டமாகச் சென்று அந்த ஆணையத்தின் அலுவலகத்திலேயே புகுந்து தாக்கினர். மறு மாதம், 1977-க்கு முந்திய குற்றங்கள் பெரும்பாலும் தொடரப்படமாட்டா என்று கவர்னர் மக்லஹோஸ் அறிவித்தார்.

இது கோழைத்தனம் என்று சொல்வோர் உண்டு. அவ்வளவு எளிதாகத் தீர்ப்புக் கூற நமக்கு மனம் வரவில்லை. ஆணையம் பிழைத்தது, கவர்னர் கிழித்த கோட்டுக்குப் பிந்திய குற்றங்களை அது விடாமல் தொடர்ந்தது. கோட்டுக்கு முந்திய பக்கங்கள் அப்படியே மூடப்பட்டன. அவற்றில் வாங்கிய போலீசாரோடு, மாதந்தோறும் எண்ணிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். நம்மைப் போன்ற கடைக்காரர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.